சாம்பல் நீலத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

என் மையை முதன்முதலில் ‘டல்’ என்று சொன்னவர், அதை எனக்கு விற்ற கடைக்காரர்தான்.

பெங்களூர் கமர்ஷியல் தெருவை ஒட்டிய சந்தில் இருக்கிறது அந்தப் பேனாக் கடை. கண்ணாடிப் பெட்டிக்குள் மை பாட்டில்களை அடுக்கி, ஒவ்வொரு மையாலும் ஓர் அட்டையில் கோடு இழுத்துக் காட்டியிருந்தார்கள். ராயல் ப்ளூ, மயில் கழுத்து, மாதுளை, பாட்டில் பச்சை. கடைசி வரிசையில், ஓரமாக, நீலமா சாம்பலா என்று சட்டென்று சொல்ல முடியாத ஒரு கோடு. நான் அதில் விரலை வைத்தேன். கடைக்காரர் என் விரலைக் கண்டுகொள்ளாமல் மேல் வரிசையையே காட்டினார்.

“அது டல் கலர் மேடம். யாரும் எடுக்க மாட்டாங்க. ராயல் ப்ளூ பாருங்க, நல்லா மூவ் ஆகுது.”

யாரும் எடுக்க மாட்டார்கள் என்று கேட்டதும் எனக்கு அது இன்னும் வேண்டியதாகிவிட்டது. அதையே கொடுங்கள் என்றேன். ரிட்டர்ன் கிடையாது என்றார். நான் கேட்கவே இல்லையே என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்.

அப்போது என் கணவர் இறந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. வீட்டுக்கு வந்துபோன உறவுக்காரர்கள் எல்லோருக்கும் என் நிறங்களைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இருந்தது. என் ஓரகத்தி, அதாவது என் கணவரின் அண்ணன் மனைவி, ஒரு பை நிறைய வெளிறிய காட்டன் புடவைகளைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். “இனிமே இப்படி டல்லா கட்டிக்கோம்மா. பாக்கறவங்களுக்கும் ஒண்ணும் தோணாது” என்றார். கெட்ட மனசில்லை அவருக்கு. அதுதான் கஷ்டமே. கெட்ட மனசாக இருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். அன்றைக்குத் தெம்பில்லாமல் தலையை ஆட்டினேன். அந்தப் புடவைகளைக் கட்டவும் செய்தேன்.

ஆனால் மை அப்படி வந்ததில்லை. அதை நானாகத் தேடி எடுத்தேன். யாரோ என் மேல் போர்த்திவிட்ட மங்கல் வேறு, நான் போய்க் கை நீட்டி வாங்கிய மங்கல் வேறு. இந்த வித்தியாசம் புரியாதவர்களோடுதான் நான் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

மையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாட்டிலில் பார்த்தால் வெறும் கறுப்பு. நிப்பிலிருந்து இறங்கும்போது, ஈரத்தில், நல்ல நீலம். எழுதிவிட்டு அவசரப்படாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். காயக் காய நீலம் உள்ளே போகும், சாம்பல் மேலே வரும். முழுக்கப் போய்விடாது. ஆகஸ்ட் மாதத்து பெங்களூர் வானம், மழை வரும் என்றும் சொல்லாமல் வராது என்றும் சொல்லாமல் நாள் முழுக்க நிற்குமே, கிட்டத்தட்ட அந்த நிறம். அந்த வானத்தை டல் என்று சொல்கிறவர்கள் வெயில் ஊரில் பிறந்திருக்க வேண்டும்.

இதன் அருமை தமிழில் எழுதினால்தான் முழுசாகத் தெரியும். இங்கிலீஷில் எழுதும்போது கை ஓடிக்கொண்டே இருக்கிறது, மை ஒரே சீராக மெல்லிசாக விழுகிறது. தமிழில் கை சுழிக்கிறது, திரும்புகிறது, நிற்கிறது. ஞகரத்தின் வளைவுக்குள், ழகரத்தின் வால் நுனியில், மை கொஞ்சம் தேங்குகிறது. எல்லாவற்றுக்கும் மேலாகப் புள்ளி. புள்ளி வைக்க நிப்பை ஒரு நொடி நிறுத்துகிறோம் இல்லையா, அந்த நொடியில் ஒரு துளி சேர்ந்துவிடும். காய்ந்த பிறகு எழுத்தெல்லாம் சாம்பலாக இருக்கும், புள்ளி மட்டும் அடர் நீலமாக நிற்கும். ஒரு பக்கம் முழுக்க எழுதிவிட்டுத் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் புள்ளிகள் தனியாகத் தெரியும். இதற்காகவே நான் தேவையில்லாமல் நிறைய எழுதியிருக்கிறேன்.

நான் வேலை பார்ப்பது ஒரு தனியார் கல்லூரியின் அட்மிஷன் செக்‌ஷனில். அங்கேயும் இந்த மைக்கு ஆதரவில்லை. பக்கத்து மேஜைக் கன்னடத்துத் தோழி நான் எழுதியதை எட்டிப் பார்த்து, “ஏனு மேடம், இங்க் முகீத்தா?” என்று கேட்பாள். மை தீர்ந்துபோச்சா என்று. தீர்ந்துபோகிற நிலையில் கடைசிச் சொட்டுதான் இப்படி வரும் என்பது அவள் எண்ணம். நானும் சளைக்காமல் “இல்லம்மா, இப்பதான் ரொப்பினேன்” என்பேன். ரொப்புவதற்கு ஊசியில்லாத சிரிஞ்ச் வைத்திருக்கிறேன், மெடிக்கல் ஷாப்பில் வாங்கியது. அங்கேயும் கேட்டார்கள், யாருக்கு உடம்பு சரியில்லை என்று. பேனாவுக்கு என்றேன்.

இப்படி யாருக்கும் தொந்தரவில்லாமல் என் மையும் நானும் இருந்திருப்போம். என் பெண்ணின் கல்யாணம் வந்தது.

மாப்பிள்ளை ஓசூர்க்காரர், அவளோடு வேலை செய்கிறவர். அவர்களே பேசி முடித்துவிட்டு எங்களுக்குச் சொன்னார்கள். பத்திரிகை அடிக்கும் பொறுப்பை என் கணவரின் அண்ணன் எடுத்துக்கொண்டார். நான் கொடுக்கவில்லை, அவர் எடுத்துக்கொண்டார். தகப்பனில்லாத பெண்ணின் கல்யாணம், பெரியப்பாதான் முன்னால் நிற்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு நாள் நீலசந்திராவில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்திரிகைகள் கட்டுக் கட்டாக வந்து இறங்கின. பளபள என்று கண்ணாடி மாதிரித் தாள், தங்க எழுத்து, மேலே பிள்ளையார். “உன் கையெழுத்து நல்லா இருக்கும். கவர்ல பேரெல்லாம் நீ எழுதிடும்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் சந்தோஷமாகத்தான் பேனாவைத் திறந்தேன். கவரும் அதே பளபளப்புத் தாள். முதல் பேரை எழுதினேன். மை தாளில் இறங்கவே இல்லை. கோடாக ஓடாமல் முத்து முத்தாகத் திரண்டு நின்றது. காயட்டும் என்று அடுப்பில் இருந்த குழம்பைப் பார்த்துவிட்டு வந்து விரலால் தொட்டேன். அப்படியே விரலோடு வந்துவிட்டது. எழுதின இடம் துடைத்துவிட்ட எவர்சில்வர் தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

கவரை வைத்துவிட்டு, உள்ளே இருந்த அட்டையாவது மை பிடிக்குமா என்று எடுத்தேன். அப்போதுதான் நிதானமாகப் படித்தேன். அழைப்பவர்கள் என்று என் கணவரின் அண்ணன் பேரும் ஓரகத்தி பேரும் இருந்தன. மணமகள் என்ற இடத்தில் என் பெண்ணின் பேர். அதன் கீழே, ‘காலஞ்சென்ற’ என்று போட்டு என் கணவர் பேர். என் பேரைத் தேடினேன். முன்பக்கம், பின்பக்கம், உறவினர்கள் என்று பொடி எழுத்தில் நிறைத்திருந்த வரிசை எல்லாம் பார்த்தேன். அவர்களுடைய பேரப் பிள்ளைகளின் செல்லப் பேர்கள்கூட இருந்தன.

செத்துப்போனவருக்கு இடம் இருந்தது. உயிரோடு இருந்து, அந்தப் பெண்ணுக்குச் சோறு பொங்கிப் போட்டு, படிக்கவைத்தவளுக்கு இடமில்லை. எனக்கு அழுகை வரவில்லை. காது சூடாகிவிட்டது. அவ்வளவு கோபம். எனக்கு முன்னாடியே அந்தப் பத்திரிகையை என் மை மறுத்துவிட்டதே என்று நினைத்தபோது மட்டும் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

சாயங்காலம் பெண் வேலையிலிருந்து வந்ததும் அட்டையை நீட்டினேன். அவளும் தேடினாள். முகம் சிறுத்துப்போனது. “பெரியப்பாகிட்ட நான் பேசட்டுமா?” என்றாள். வேண்டாம் என்றேன். பேசினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். மறந்துபோச்சு என்பார், அச்சடித்தாகிவிட்டது என்பார், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்பார். என் பெண்ணுக்கு அடுத்த முறை என்று ஒன்று எதற்கு?

“நான் கையால எழுதப்போறேன். நம்ம ஆளுங்களுக்கு எல்லாம் நானே எழுதி நானே கூப்பிடப்போறேன்” என்றேன்.

சனிக்கிழமை அவென்யூ ரோடு போனேன். பேனாவைக் கையிலேயே எடுத்துப்போனேன். கடை கடையாக ஏறி, ஒரு ஓரத்தில் எழுதிப் பார்க்கக் கேட்டேன். சில தாள் பஞ்சு மாதிரி மையை உறிஞ்சி எழுத்தைத் தடிக்கவைத்தது. சில தாளில் புள்ளியும் எழுத்தும் ஒரே நிறமாகிவிட்டன. கடைசியில் வழவழப்பில்லாத, லேசாக வெண்ணெய் நிறம் ஓடிய கெட்டித் தாள் ஒன்று கிடைத்தது. அதில் ஒரு வரி எழுதிக் காய விட்டேன். கடைக்காரர் பொறுமையிழந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நீலம் உள்ளே போனது, சாம்பல் வந்தது, புள்ளிகள் நின்றன. வெட்டித் தரச் சொன்னேன்.

வாசகத்தைச் சுருக்கமாக வைத்தேன். ‘நானும் அவள் அப்பாவும் வளர்த்த பெண்ணுக்குக் கல்யாணம். வந்திருந்து வாழ்த்துங்கள் என்று நான் அழைக்கிறேன்.’ பிறகு நாள், நேரம், மண்டபம். கடைசி வரியில் என் பேர்.

தினமும் ஆபீஸ் முடிந்து வந்து எழுதினேன். எழுதியவற்றைப் பெண் வாங்கிக் கட்டிலில் பரப்பிக் காயவைப்பாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவதும் அவள் வேலை. பத்திரிகைக்கு மஞ்சள் தடவாமல் நாங்கள் யாருக்கும் கொடுப்பதில்லை. வழக்கமாக அச்சடித்த அட்டைக்குத் தடவுகிற பழக்கத்தில், அவள் ஓர் அட்டையில் மை காயும் முன்னாலேயே மஞ்சள் விரலை வைத்துவிட்டாள். விரல் என் பேரின் மேல் பட்டு இழுத்தது. சாம்பல் நீலமும் மஞ்சளும் கலந்து அந்த இடம் பச்சையாகிவிட்டது, துளசி இலைப் பச்சை.

“ஐயோ” என்றவள், அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “அம்மா, இது நல்லா இருக்கே. பெரியம்மா எப்படியும் இந்தக் கலரைப் பாத்து ஏதாவது சொல்லத்தான் போறாங்க. மையிலயே துளி மஞ்சள் கலந்துட்டா எல்லாமே பச்சையா வந்துடும். மங்களமா இருக்கும். ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்மா.”

அவள் சொன்னது புத்திசாலித்தனமான யோசனை. அதனாலேயே எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷம் எல்லோருக்கும் ஏற்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எதையாவது கலந்துகொண்டுதானே இருந்திருக்கிறேன்.

“பச்சையா எழுதணும்னா பச்சை மை வாங்கியிருப்பேன்” என்றேன். “எனக்கு இந்தக் கலர் பிடிச்சிருக்கு. பிடிச்சிருக்குங்கறதுக்கு மேல இதுக்கு ஒரு காரணமும் வேணாம். யாருக்காகவும் மஞ்சள் கலக்க மாட்டேன். நீ காய்ஞ்சப்புறம் மூலையில மட்டும் தடவு.”

அவள் மஞ்சள் விரலைத் துடைத்துக்கொண்டாள். அந்த அட்டையை மட்டும் திரும்ப எழுதினேன்.

மாப்பிள்ளை வீட்டில் தப்பாக நினைத்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் எனக்கும் இருந்தது. சம்பந்தியம்மாவுக்கு நானே போன் போட்டு, எங்கள் பக்கம் கையால் எழுதிக் கொடுக்கிறேன், மை கொஞ்சம் சாம்பலாக இருக்கும் என்று சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. “மண்டபத்து அட்ரஸ் மட்டும் தெளிவா எழுதுங்க. போன கல்யாணத்துல பாதி ஜனம் வேற மண்டபத்துக்குப் போய்ச் சாப்பிட்டுட்டு வந்துடுச்சு” என்றார். எனக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது.

முதல் பத்திரிகையைச் சாமி முன்னால் வைக்க ஒரு வெள்ளிக்கிழமை காலை குறித்தோம். ரிச்சர்ட்ஸ் டவுனில் இருக்கும் என் வாடகை வீட்டுக்குக் கணவரின் அண்ணனும் ஓரகத்தியும் வந்தார்கள். அவர் கையில் தங்க எழுத்துப் பத்திரிகை. ஆனால் சாமி படத்துக்கு முன்னால் தாம்பாளத்தில், வெற்றிலை மேல், ஏற்கெனவே ஒன்று இருந்தது.

“இது இன்னாம்மா?” என்றார்.

“பத்திரிகை மாமா.”

“பத்திரிகைதான் நான் அடிச்சாச்சே.”

“அதுல எம் பேர் இல்ல.”

அவர் மனைவியைப் பார்த்தார். ஓரகத்தி என் தோளைத் தொட்டார். “அது வழக்கம்மா. உனக்குத் தெரியாததா? உன்னைக் கொறைச்சலா நெனச்சுப் போடாம விடல.” பிறகு குனிந்து என் பத்திரிகையைப் பார்த்தார். “இது இன்னா கலரு? சாம்பலாட்டம் இருக்குது. கறுப்புலயே எழுத மாட்டோம், நல்ல காரியத்துக்குப் போய் யாராவது சாம்பல்ல எழுதுவாங்களா?”

அவர் புடவைப் பையோடு வந்த நாள் எனக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு இல்லாத தெம்பு இன்றைக்கு இருந்தது.

“அக்கா, அவர் போனதுல இருந்து டல்லா கட்டிக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க? நானும் கட்டினேன். இதே கலரு என் உடம்பு மேல இருந்தா மரியாதை, காயிதத்து மேல இருந்தா அமங்கலமா?”

ஓரகத்தி பத்திரிகையை விட்டு நிமிர்ந்தார். அவர் கணவருக்குக் குரல் ஏறியது, கன்னடமும் கலந்துவந்தது. “சும்னே பேஜார் பண்ணாதேம்மா. நாலு பேர் இன்னா சொல்வாங்க?”

“அந்த நாலு பேருக்கும் தனித்தனியா எழுதியிருக்கேன் மாமா.”

யாராவது சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. அவர் என் பெண்ணைப் பார்த்து, “நீ சொல்லும்மா. எதை வெக்கறது?” என்றார்.

அந்த நேரத்தில் எனக்குப் பயமாகத்தான் இருந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் என்று சொன்ன வாய் அவளுடையது. பெரியப்பா மேல் அவளுக்குப் பிரியம் உண்டு, அவருக்கும் அவள் மேல் உண்டு. அவள் மட்டும் அந்தத் தங்க எழுத்தைக் கைகாட்டியிருந்தால் நான் அதற்கப்புறம் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

அவள் எழுந்தாள். மஞ்சள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வந்து, தாம்பாளத்துக்கு முன்னால் உட்கார்ந்து, என் பத்திரிகையைக் கையில் எடுத்தாள். புறங்கையால் எழுத்தைத் தொட்டுக் காய்ந்திருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு நாலு மூலையிலும் பொறுமையாக மஞ்சள் வைத்து, திரும்பச் சாமி முன்னால் வைத்துக் கும்பிட்டாள்.

அவர்கள் காப்பி குடிக்காமல் எழுந்து போனார்கள். தங்க எழுத்துப் பத்திரிகை சோபா மேலேயே கிடந்தது.

போன பிறகு பெண் அழுதாள். கல்யாணத்துக்கே வராமல் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்டாள். எனக்கும் அந்தப் பயம்தான். அவளுடைய அப்பா பக்கத்தில் நெருங்கிய சொந்தமாக மிஞ்சியிருப்பது அவர்கள் மட்டும். அவர்களை வேண்டாம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. வர வேண்டும், மணமேடையில் நிற்க வேண்டும், பந்தியில் குரல் கொடுக்க வேண்டும். ஆனால் நான் கூப்பிட்டு அவர்கள் வர வேண்டும். அவ்வளவுதான் என் சண்டை.

அன்றைக்கே ஒரு கவரை எடுத்து அவர் பேரையும் ஓரகத்தி பேரையும் எழுதி, ‘குடும்பத்தினருக்கு’ என்று சேர்த்தேன். எல்லோருக்கும் எழுதிய அதே மை. அவருக்கென்று கொஞ்சம் அடர்த்தியாக எழுதத் தோன்றியது. எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அலமாரியிலிருந்து அரக்குப் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டினேன், பூட்டி வைத்து நாளாகிவிட்டது. தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், குங்குமம் எல்லாம் வைத்தேன். குங்குமத்தை வைக்கும்போது கை தயங்கியது. வைத்தேன். என்னை மாதிரி ஆள் ஒண்டியாகப் போய் இதையெல்லாம் நீட்டுவதில்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும். நீலசந்திராவில் ஆட்டோவை விட்டு இறங்கி, தெருவில் தெரிந்த முகங்கள் பார்க்கப் பார்க்க, அவர் வீட்டுப் படியேறினேன்.

கதவைத் திறந்த ஓரகத்தி என் புடவையைப் பார்த்தார், தாம்பாளத்தைப் பார்த்தார், வழி விட்டார். அவர் கணவர் ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கேன் மாமா” என்றேன்.

“எனக்கேவா?” என்றார். “எனக்கே பத்திரிகையா?”

“பொண்ணோட பெரியப்பாவுக்குப் பத்திரிகை வெக்காம எப்படி?”

எழுந்து நிற்கலாமா உட்கார்ந்தே இருக்கலாமா என்று அவருக்குத் தெரியவில்லை. தாம்பாளம் நீட்டினால் உட்கார்ந்து வாங்கக்கூடாது. எழுந்தார். ஆனால் தட்டைத் தொடாமல் மேலே இருந்த பத்திரிகையை மட்டும் எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“ஒண்ணும் தெரியல. ஒரே டல்லா இருக்குது” என்றார்.

ஓரகத்தி போய் டியூப்லைட்டைப் போட்டார்.

“கிட்ட வெச்சுப் படிங்க மாமா. தெரியும்” என்றேன்.

அவர் அட்டையை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். முதல் வரியில் அவர் கண் நகர்வது தெரிந்தது. கடைசி வரியில் என் பேர் இருக்கிறது. அதுவரை வந்து சேரட்டும் என்று தாம்பாளத்தை நீட்டியபடியே நின்றேன்.